அவர் படிக்காமல் கையொப்பமிட்ட அறிக்கை

நான்தான் எழுதினேன். என் கணவர் சொன்னதை அல்ல, எனக்கு வேண்டியதை. அவர் படித்துப் பார்க்காமல் கையொப்பமிட்டார். அந்தத் தாளால் ஒருவனுக்கு வேலை போயிற்று. இந்தப் பெங்களூரில் கால்பந்து பார்க்கிறவர்கள் என் கணவரைப் பாரபட்சக்காரர் என்று ஏசுகிறார்கள். அந்த ஏச்சு எனக்குரியது.

உங்களுக்கு அவரைத் தெரியாது. வாரநாட்களில் மிஷன் பள்ளியில் தமிழ் வாத்தியார். சனிக்கிழமை மாலை நடுவர். பட்டாளத்துக்காரன் பூட்ஸ் காலால் உதைத்தாலும், அடுகோடித் தெருப் பையன் வெறுங்காலால் உதைத்தாலும் அவருக்கு ஒன்றுதான். முதல் நிமிஷத்தில் குற்றமென்றால் கடைசி நிமிஷத்திலும் அது குற்றம். அதற்காகவே அவரைத் திட்டினார்கள். அதற்காகவே அவரைத்தான் நடுவராகக் கேட்டார்கள்.

ஆட்டத்திலிருந்து யாரையாவது வெளியேற்றினால் கால்பந்துச் சங்கத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அவர் தொட்டிலை ஆட்டிக்கொண்டே தமிழில் சொல்வார். கான்வென்டில் படித்த நான் ஆங்கிலத்தில் எழுதுவேன். அவருக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறும். எனக்கு அதில் ஒரு கர்வம் இருந்தது... ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வாரம் வெளியேற்றப்பட்டவர்கள் இருவர். ஒருவன் என் தம்பி அந்தோணி. மற்றவன் ஒக்கலிபுரத்து முனிசாமி, துணி மில் அணியின் வெறுங்கால் ஆட்டக்காரன். பந்தாடுகிறான் என்பதற்காகவே மில்லில் அவனுக்கு வேலை கொடுத்திருந்தார்கள். தம்பி அவன் கணுக்காலில் பூட்ஸால் உதைத்தான். அவன் எழுந்து தம்பியின் முகத்தில் குத்தினான். என் கணவர் இருவரையும் வெளியே அனுப்பினார்.

ஞாயிறு விடிந்ததும் தம்பி அடுப்பங்கரைக்கு வந்து நின்றான், வீங்கின உதட்டோடு.

“அக்கா, அடுத்த மாசம் சர்க்கார் ஆபீஸ்ல சேரணும். நடத்தை எப்படின்னு விசாரிப்பாங்க. மாமாகிட்ட பேசிப் பிரயோசனமில்ல. விசில் வாயில இருந்தா அவருக்கு மச்சானாவது மண்ணாங்கட்டியாவது! நீ ஒரு வரி மாத்திடேன்.”

“போடா வெளியே!” என்றேன். சொல்லத்தான் சொன்னேன்!

பூசைக்குப் பிறகு கணவர் சொன்னது இதுதான்: “ரெண்டு பேரும் வேணும்னே அடிச்சாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி எழுது.” நான் எழுதியது: முனிசாமி வேண்டுமென்றே குத்தினான்; அந்தோணியின் கால், பந்தை எட்டும்போது தவறிப் பட்டது.

ஏன்? பாசமா? பயமா? என் ஆங்கிலத்தை யாரும் சரிபார்க்க மாட்டார்கள் என்ற திமிரா? ஓர் எழுத்தைக்கூட அடித்துத் திருத்தாமல் எழுதினேன். அதுதான் இன்றும் என்னைச் சுடுகிறது!

சங்கத்துக் கமிட்டி தீர்ப்புச் சொன்னது. தம்பிக்கு எச்சரிக்கை. முனிசாமிக்கு வருஷம் முழுவதும் தடை. ஆட முடியாதவனுக்கு மில்லில் என்ன வேலை? அனுப்பிவிட்டார்கள்.

“ஒரே குற்றத்துக்கு ரெண்டு தண்டனையா?” என்று கொதித்துப்போய்க் கமிட்டியிடம் நியாயம் கேட்கப் போனார் என் கணவர். செயலாளர் அவருடைய அறிக்கையையே எடுத்து நீட்டினாராம்.

திரும்பி வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. “நீ மாத்துனியா?”

ஆமென்று தலையசைத்தேன். “அங்க... என்ன சொன்னீங்க?”

“நான்தான் எழுதினேன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? எம் பொண்டாட்டி எழுதினாள்னு நாலு பேர் நடுவுல சொல்லணுமா?”

எனக்கு நன்றியா வந்தது? இல்லை, கோபம் வந்தது! ஊருக்கெல்லாம் ஒரே மாதிரி ஊதிய மனிதர், சொந்த வீட்டில் நடந்த குற்றத்துக்கு விசிலை விழுங்கிவிட்டாரே! எழுதியவள் வேறொருத்தி என்று தெரிந்திருந்தால் மறுபடி விசாரித்திருப்பார்கள். முனிசாமிக்கு வேலை திரும்பியிருக்கலாம். என் மானத்தைக் காப்பாற்ற அவன் சோற்றை எடுத்தோம், இருவரும் சேர்ந்து!

இப்படி அவர்மேல் கோபப்படுவது எனக்கு எவ்வளவு சௌகரியம், பார்த்தீர்களா?

இரண்டு நாள் கழித்து முனிசாமியே வந்தான். கணுக்காலில் கட்டு. வாசற்படி ஏறவில்லை.

“மச்சான்னு மொதல்லியே சொல்லியிருந்தா, ஒதய வாங்கிகினு கம்முனு கெடந்திருப்பேனே சார்! உங்க விசில்ல வூட்டுக்கு ஒரு சத்தம், ரோட்டுக்கு ஒரு சத்தமா?”

“தப்பு எம் மேலதான், முனிசாமி” என்றார் என் கணவர்.

“பட்டாளத்தான் உங்கள ஏசினப்போ நான் அவங்கூட சண்டைக்குப் போனேன் சார். அந்த ஆளு ஒரே மாதிரி ஊதுவாருடான்னு...” அவன் திரும்பி நொண்டிக்கொண்டே போய்விட்டான்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். தாழ்ப்பாள்மேல் கை இருந்தது. திறந்து, “நான்தான்” என்று ஒரு வார்த்தை! கமிட்டிக்கும் நானே ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். பேனா என்னிடம்தானே இருந்தது?

அவர் அதற்குப் பிறகு மைதானத்துக்குப் போகவில்லை. அறிக்கையைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. தம்பி ஆபீசுக்குப் போய் வருகிறான்.

கைக்குழந்தை அழுதது, அதனால்தான் அன்று வெளியே வர முடியவில்லை என்று இவ்வளவு நாளாக எனக்கு நானே சொல்லி வந்தேன். உங்களிடமும் அப்படித்தான் எழுத நினைத்தேன்.

குழந்தை அழவில்லை. தூங்கிக்கொண்டிருந்தது.