களிமண்மேல் ஒரு டீச்சர் வீடு

நிலம் ஆடினாலும் விழாதபடி கட்டடங்களுக்குக் கணக்குப் போடுவது என் தொழில்; இதில் உட்கார்ந்த இடத்தில் ஒரு நாளும் நிம்மதியாக உட்கார முடியாது. இதே பிழைப்பில் இருப்பவர்களுக்குப் புரியும், மற்றவர்கள் கொஞ்சம் இரக்கப்படுங்கள். மண்டபத்தூரில் பிலோமினா டீச்சர் வீடு கட்டியதையே எடுத்துக்கொள்ளுங்களேன்.

தானே இறங்கிய குழாய்

மண் பரிசோதனைக்காகத் தரையில் குழாயை அடித்து இறக்கினோம். எத்தனை அடி வாங்குகிறதோ அவ்வளவு உறுதி மண்ணுக்கு. மேல் மணலைத் தாண்டியதும் அடிக்கவே வேண்டியிருக்கவில்லை. சுத்தியலின் பாரத்திலேயே விறுவிறுவென்று போனது. எங்கோ தூரத்தில் நிலம் அதிர்ந்தாலும், இப்படிப்பட்ட களிமண் அதைப் பெரிதாக்கித்தான் மேலே அனுப்பும். வெளியே எடுத்த மண்ணை டீச்சர் விரலால் தொட்டார்.

"இட்லி மாவு மாதிரில்ல இருக்கு சார்! இதுமேலயா நான் குடியிருக்கப் போறேன்?"

ஒரே ஒரு வார்த்தை

ஆழத்தில் கெட்டி மண் வரை பைல், அதாவது கான்கிரீட் தூண், இறக்கலாம் என்றேன். சரி என்றவர், கீழ்த்தளம் சுவரில்லாமல் வெறும் பில்லராக வேண்டும் என்றார். சுனாமியில் தம்பியைப் பறிகொடுத்தவர். தண்ணீர் வந்தால் அடியில் புகுந்து போய்விட வேண்டும். ஆனால் நிலம் ஆடும்போது முதலில் மடங்குவது அந்த மாதிரி வெற்றுக் கீழ்த்தளம்தான்.

மண் எவ்வளவு மோசமாகலாம், கான்கிரீட் எவ்வளவு சோடையாகலாம், ஆட்டம் எவ்வளவு கூடலாம் என்று பதினைந்து நாள் மாற்றி மாற்றிக் கணக்கிட்டேன். கடைசியில், தண்ணீரை மறிக்காமல் அது வரும் திசையிலேயே நீளவாக்கில் இரண்டு கான்கிரீட் சுவர். குறுக்குவாட்டு ஆட்டத்தைத் தாங்கப் பருத்த பில்லர்கள். "விழறதுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி டீச்சர்" என்றேன்.

"விழாதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா சார்?"

ஒரு சாண் இடைவெளி

கான்கிரீட் போடும் நாள். மிக்சர் ஓடுகிறது, வானம் கறுக்கிறது. எதற்கும் பார்ப்போமென்று பில்லரைச் சுற்றி அடைத்த பலகைக்குள் எட்டிப் பார்த்தேன். பில்லரின் உச்சியில், கம்பியை இறுக்கிப் பிடிக்கும் ரிங்குகள் ஒரு சாண் இடைவெளியில் இருந்தன. நான் வரைபடத்தில் போட்டிருந்தது நாலு விரல். "நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன்.

காளியப்பன் மேஸ்திரிக்கு முகம் சிவந்தது. "கோட்டுச்சேரில நான் கட்டுன வீடெல்லாம் விழுந்தா போச்சு? ஆளு நிக்குது சார், மழை வருது!" நியாயமான கேள்வி. இருந்தும் பலகையை விட்டு நான் நகரவில்லை. டீச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேஸ்திரி, நீங்க பயப்படல. இவரு பயப்படுறாரு. பயப்படுறவரு பேச்சையே கேப்போம், பலகையப் பிரிங்க."

விருந்து

ரிங்குகளை நெருக்கிக் கட்டி, நான்கு நாள் கழித்துத்தான் கான்கிரீட் போட்டோம். வீடு எழும்பியது. பங்குச்சாமியார் வந்து ஜெபம் சொல்லி வீட்டை மந்திரித்த அன்று எல்லோரும் பிரியாணிப் பந்தியில் இருக்க, நான் மட்டும் கீழே பில்லர் பில்லராகத் தடவி விரிசல் தேடிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வாங்க சார், சாப்புடுங்க. அது எங்கயும் ஓடிடாது."

நாங்கள் போட்ட கணக்கு சரியா என்பது நிலம் ஆடினால்தான் தெரியும், அது தெரியாமலே போக வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிற தொழில் உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.