லியாண்ட்ரோவின் அணைக்காத கணினி

மரிக்கினா நகரப் பொதுச்சந்தையில் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலராக இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர் லியாண்ட்ரோ மக்காராயெக். தன் கணினியைப் பதினோரு வருடம் நாலு மாதம் ஒருமுறைகூட அணைக்காதவர். அவருடைய வாழ்க்கை வரலாற்றுக்கு இந்த ஒரு வரியே போதும் என்று எங்கள் சபையில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். அவர் மனைவி பெர்லாவின் பெயரையும் சேர்க்க வேண்டும், தண்டனையை அனுபவித்தது அந்த அம்மாள்தான் என்பது மீதிப் பாதிப் பேரின் கருத்து.

சபை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கில்மோர் தெருவில் கணினி உதிரிபாகக் கடைகளுக்குப் பின்னால் ஒரு கஞ்சிக்கடை. சனிக்கிழமை காலையில் அங்கே ஒன்பது ஆண்கள் கூடுவோம். எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. எங்களில் யார் பேச்சும் அவரவர் வீட்டில் எடுபடாது. ஆகவே கிராபிக்ஸ் கார்டு கம்பெனிகள் என்ன செய்யவேண்டும், எதை நிறுத்தவேண்டும் என்பதை அங்கே முடிவு செய்வோம். கம்பெனிகள் இதுவரை எங்கள் தீர்ப்பைக் கேட்டதில்லை. அது அவர்கள் நஷ்டம்.

சண்டை ஆரம்பித்தது 2012 ஜூனில். ஒரு கணினி நீண்ட நாள் உழைக்க அதைத் தினமும் அணைக்கவேண்டுமா, அணைக்கவே கூடாதா என்பதுதான் கேள்வி. அணைக்கவேண்டும் என்றவர் சாந்தோ. பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவர், லியாண்ட்ரோவின் மூத்த மகனுக்கு ஞானத் தந்தை. அந்த உறவில் இருவரும் ஒருவரை ஒருவர் ‘பாரே’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

“பல்செட்டையே ராத்திரி கழட்டித் தண்ணியில போட்டு வைக்கச் சொல்றேன். ஈறுக்கு ஓய்வு வேணும்ல? கம்ப்யூட்டர் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?” என்றார் சாந்தோ.

“பாரே, எந்தத் தராசும் சும்மா தொங்கிக் கெட்டதில்ல. தூக்கித் தூக்கி வெச்சாத்தான் கெடும்,” என்றார் லியாண்ட்ரோ. “அணைச்சா ஆறுது, போட்டா சுடுது. ஆறி ஆறிச் சுட்டா உள்ள இருக்கிற ஈயப்பத்து விரிசல் விட்டுரும். போட்டா போட்டபடி விட்டுரணும்.”

“அப்ப நீயும் தூங்காத.”

“தூங்குவேன். இதயத்த அணைச்சுட்டா தூங்கறேன்?”

ஒன்பது பேரும் கஞ்சியை மறந்து உட்கார்ந்திருந்தோம். ஆதாரம் வேண்டும் என்று சபை தீர்மானித்தது. அன்றைக்கே எதிர்க்கடையில் இருவரும் அச்சாக ஒரே மாதிரி இரண்டு கணினிகள் வாங்கினார்கள். கிராபிக்ஸ் கார்டுகளின் வரிசை எண்கள்கூட அடுத்தடுத்தவை: லியாண்ட்ரோவுடையது 417இல் முடியும், சாந்தோவுடையது 418இல். ரசீதின் பின்புறம் விதிகள் எழுதப்பட்டன. லியாண்ட்ரோ தன்னுடையதை அணைக்கவே கூடாது. சாந்தோ தினமும் காலையில் போட்டு மாலையில் அணைக்கவேண்டும். தூசி தட்டலாம், பாகம் மாற்றக்கூடாது. யாருடைய பெட்டி முதலில் நிற்கிறதோ அவர் சபை முன் எழுந்து நின்று, “நான் நினைச்சது தப்பு” என்று சொல்லவேண்டும்.

பந்தயம் இவ்வளவுதானா என்று சிரிக்கவேண்டாம். எங்கள் சபையின் வரலாற்றில் அந்த வாக்கியத்தை அதுவரை ஒருவரும் உச்சரித்ததில்லை.

அதன் பிறகு லியாண்ட்ரோ வாழ்ந்த வாழ்க்கையைத் துறவு என்றுதான் சொல்லவேண்டும். மின்வெட்டுக்காக இரண்டு யூபிஎஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினார். ஒன்றின் பேட்டரியை மாற்றும்போது மற்றது தாங்கும். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்குள் வண்ணம் தீட்டும் தூரிகையை விட்டுத் தூசி தட்டினார். கார்டின் விசிறி கரகரத்தபோது, சுழலும் விசிறியின் நடுவில் தையல் மெஷின் எண்ணெயை ஊசியால் ஒரே ஒரு சொட்டு விட்டார். அன்று பெர்லா பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். திரையின் மூலையில் ‘மறுபடி துவக்கவா’ என்ற கேள்வி மாதக்கணக்கில் வந்து நிற்கும். ‘பிறகு’ என்று மரியாதையாகப் பதில் சொல்லி அனுப்புவார்.

2020இல் ஆறு கரையேறி வந்தபோது மரிக்கினாவில் எல்லோரும் அரிசியையும் ஆவணங்களையும் மாடிக்கு ஏற்றினார்கள். லியாண்ட்ரோ கணினியை ஏற்றினார், ஓடும் நிலையிலேயே. அவர் பெட்டியைத் தூக்க, அலறும் யூபிஎஸ்ஸை மகன் தூக்க, இருவரும் அடிமேல் அடி வைத்துப் படியேறினார்கள். அரிசி பெர்லாவின் பொறுப்பாயிற்று. மாமியார் இறந்தபோது லியாண்ட்ரோ தொலைவிலுள்ள பிக்கோலுக்குப் போகவேண்டியிருந்தது. இரண்டு நாள் பெட்டிக்குக் காவலாக என்னை உட்காரவைத்துவிட்டுப் போனார். அங்கே அவர் சவத்துக்குப் பக்கத்தில் விழித்திருக்க, இங்கே நான் கணினிக்குப் பக்கத்தில் விழித்திருந்தேன். என் காவலிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பெரிய சோதனை செய்திகள்தான். சபையில் தொழில்நுட்பச் செய்தி வாசிப்பவர் டிண்டோ. சுங்கத் தரகர், கைப்பேசியைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு வாசிப்பார்.

“புதுக் கார்டு வந்திருக்கு. நம்ம அண்ணன்மாருங்க கார்ட விட இருபது மடங்கு வேகமாம்.”

“விலை?” என்பார் ஒருவர்.

“சொல்ல வேண்டாம், கஞ்சி எறங்காது. கனத்துல வளையுதாம். முட்டுக் குடுக்க ஒரு கம்பியும் சேத்தே தர்றான்.”

“முட்டுக் குடுத்து நிக்கிறதுக்குப் பேரு முன்னேற்றமா?”

லியாண்ட்ரோவும் சாந்தோவும் மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வாங்கவும் முடியாது, மாட்டவும் முடியாது. விரதமிருக்கும் வீட்டில் பக்கத்து வீட்டு வறுவல் வாசனை வந்ததுபோல இருவரும் ஒரே நேரத்தில் கஞ்சியைக் கிளறுவார்கள்.

போன அக்டோபருக்கு முந்தைய அக்டோபரில், ஒரு புதன்கிழமை காலை, பல் அச்சுக்கு மாவு குழைத்துக்கொண்டிருந்த சாந்தோ அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. வயது அறுபத்தொன்று.

சவப்பெட்டியை அவர் வீட்டு முன்னறையில் வைத்திருந்தார்கள். துபாயிலிருந்து மகன் வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்பதால் அடக்கம் அடுத்த வியாழன் என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை காலை சாந்தோவின் மனைவி டெலியா லியாண்ட்ரோவைக் கூப்பிட்டார். பெட்டிக்குப் பக்கத்தில் கணினியை வைத்து, அவருடைய படங்களை ஒவ்வொன்றாக ஓடவிடவேண்டும். படமெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. செவ்வாய் மாலை அவர் அணைத்தபிறகு அதை யாரும் தொடவில்லை. சபைக்காரர்கள் மூன்று மணிக்கு வருகிறார்களாம்.

லியாண்ட்ரோவும் நானும் பத்து மணிக்குப் போனோம். கணினியைச் சவப்பெட்டிக்கு அருகே மேசையில் வைத்து, லியாண்ட்ரோ பொத்தானை அழுத்தினார். விசிறிகள் சுற்றின. திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு ஒலி வந்தது: ஒன்று நீளமாக, இரண்டு குட்டையாக.

எங்கள் சபையில் அந்த ஒலிக்கு அர்த்தம் தெரியாதவர் கிடையாது. லியாண்ட்ரோ மறுபேச்சில்லாமல் கார்டைக் கழற்றினார், அதன் தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார், மறுபடி மாட்டினார். ஒன்று நீளம், இரண்டு குட்டை. நாலு தடவை பார்த்தார். கார்டு போய்விட்டது.

டெலியா சமையலறையில் விருந்தாளிகளுக்குக் காப்பி கலந்துகொண்டிருந்தார். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான், சாந்தோவைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

“ஜெயிச்சுட்டீங்க அண்ணே,” என்றேன். சவத்தின் முன் சொல்லக்கூடியது அல்ல. ஆனால் பதினோரு வருடமாக எல்லோரும் காத்திருந்த செய்தி என்பதால் வாயை மீறி வந்துவிட்டது.

லியாண்ட்ரோ செத்த கார்டை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார்.

“என் கார் டிக்கியில பழைய கார்டு ஒண்ணு கெடக்கு. அதப் போட்டா படம் வந்துரும்,” என்றேன்.

“டிண்டோ வர்றான்ல? விசிறி சத்தம் ஒண்ணு போதும் அவனுக்கு. ‘இது வேற கார்டாச்சே’ன்னு சவப்பெட்டி பக்கத்துலயே நின்னு கேப்பான்.”

கேட்பார். துக்க வீட்டில் எதைக் கேட்கக்கூடாது என்ற பட்டியல் டிண்டோவிடம் இருக்கிறது, ஆனால் அதில் கிராபிக்ஸ் கார்டு இல்லை.

“கேக்கட்டுமே. அவரு தோத்தாருங்கறது நெசந்தானே.”

“எதிர்ல நின்னு பேச ஆளில்லாதப்ப ஜெயிக்கிறது, தராசுல கட்டைவிரல அழுத்துற மாதிரி. அதுக்கு எத்தன பேரோட கடைய மூட வெச்சிருக்கேன் தெரியுமா?” என்றார் லியாண்ட்ரோ. பிறகு, “வண்டிய எடு,” என்றார்.

அவர் வீட்டுக்குப் போனோம். கணினி ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன் உட்கார்ந்து கொஞ்சநேரம் திரையைப் பார்த்தார். பெர்லா கையில் கரண்டியோடு வாசலில் வந்து நின்றார்.

“என்ன பண்றீங்க?”

“அணைக்கிறேன்.”

பெர்லா சிலுவை போட்டுக்கொண்டார். நானும் தொப்பியைக் கழற்றினேன். லியாண்ட்ரோ அழுத்தினார். விசிறி மெலிந்து மெலிந்து நின்றது. வீட்டில் அப்படி ஒரு அமைதி.

“ஃபிரிட்ஜு இவ்வளவு சத்தமாவா ஓடுது?” என்றார் பெர்லா. “இத்தன வருசமா தெரியலயே.”

இப்போது நான் சொல்லப்போவது சபைக்குத் தெரியாது. சபையில் யாரும் கதை படிப்பதில்லை, ஒப்பீட்டு அட்டவணைகள்தான் படிப்பார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். லியாண்ட்ரோவின் கொள்கைப்படி, பதினோரு வருடம் சூடு ஆறாத கார்டை ஒருமுறை ஆறவிட்டால் அது மறுபடி எழுந்திருக்காது. இந்த விஷயத்தில் அவருக்கு இருந்த உறுதி ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்கூட இருந்ததில்லை. ஆகவே, 417ஐக் கழற்றித் துண்டில் சுற்றியபோது, தன் கணக்கில் அவர் ஒரு பிணத்தைத்தான் சுற்றினார். இருந்தாலும் காரில் அதை மடியில் வைத்து உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

“ஏசிய நிறுத்து. ஆறிடும்.”

நிறுத்தினேன். அக்டோபர் புழுக்கத்தில் இருவரும் வியர்த்து வழிந்தபடி துக்க வீட்டுக்குத் திரும்பினோம்.

கார்டை மாட்டினார். பொத்தானை அழுத்தாமல் விரலை மட்டும் அதன் மேல் வைத்திருந்தார்.

“எழுந்திரிக்காது,” என்றார்.

“அப்புறம் எதுக்கு அங்கேர்ந்து கழட்டினீங்க?”

“எழுந்திரிச்சா நல்லாருக்கும்ல.”

அழுத்தினார். ஒரே ஒரு குட்டை ஒலி. திரை வெளுத்தது. வெள்ளை அங்கியில், கையில் மேல்வரிசைப் பல்செட்டோடு, சாந்தோ சிரித்தார்.

“எழுந்திரிச்சிருச்சு,” என்றார் லியாண்ட்ரோ. அவர் குரலில் சந்தோஷத்தைவிடப் புகார்தான் அதிகம். “பதினோரு வருசம். ஒரு மணி நேரம் ஆறிக் கெடந்துட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி எழுந்திரிக்குது.” நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப நான் இத்தன நாளா…” பெர்லாவை நினைத்தாரோ, ஆற்று வெள்ளத்தை நினைத்தாரோ, தெரியாது.

மூன்று மணிக்குச் சபை வந்தது. ஆறு பேரும் சவப்பெட்டிக்கு முன் தலை குனிந்தார்கள், பிறகு கணினிக்கு முன். கணினிக்கு முன் கொஞ்சம் அதிக நேரம் ஆயிற்று. டிண்டோ காதைக் கணினிப் பெட்டியோரம் வைத்துக் கேட்டார்.

“அதே விசிறி,” என்றார் பக்தியோடு. “ஆளு போயிட்டாரு, கார்டு நிக்குது பாருங்க. அண்ணே, உங்களுது?”

லியாண்ட்ரோ எழுந்தார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, சவப்பெட்டியின் பக்கம் திரும்பி நின்றார்.

“என்னுது இன்னிக்குக் காலைல நின்னுடுச்சு,” என்றார். “பாரே, நான் நினைச்சது தப்பு.”

அவர் சொன்ன இரண்டு வாக்கியத்திலும் ஒரு பொய்கூட இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஒருவர் மெல்லக் கேட்டார்: “கெப்பாசிட்டர் போயிருக்குமோ?”

“தெரியல.”

“தெறந்து பாத்துறலாமே. நான் கருவி கொண்டு வர்றேன்,” என்றார் டிண்டோ.

“வேண்டாம்.”

“இல்லண்ணே, காரணம் தெரியணும்ல. ஒரு ஜோடிய வெச்சு முடிவு பண்ண முடியாது. குறைஞ்சது பத்து ஜோடி வேணும்.”

“சத்தமில்லாம பேசுங்கப்பா,” என்றார் இன்னொருவர், தானே சத்தமாக. சபை சவப்பெட்டியின் இருபுறமும் பிரிந்து உட்கார்ந்து, பத்து ஜோடிக் கணினிகளை யார் வாங்குவது என்று தணிந்த குரலில் விவாதிக்கத் தொடங்கியது.

டெலியா பிஸ்கட் தட்டோடு வந்தார். “என்ன, அவரு ஜெயிச்சுட்டாரா?”

“ஆமா,” என்றார் லியாண்ட்ரோ.

“ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரே.” சொல்லிவிட்டுத் தட்டை அவரிடம் நீட்டினார். லியாண்ட்ரோ ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

ஆறு மணிக்குச் செபமாலைக்குப் பெண்கள் கூடினார்கள். டெலியா கணினியைப் பார்த்தார்.

“அத அணைச்சிடுங்க. இந்நேரத்துக்கு அவரு அணைச்சிடுவாரு.”

“அணைக்கணுமா?”

“பின்ன? ராத்திரியெல்லாம் ஓடினா கெட்டுப் போயிடும்னு அவரு சொல்லுவாரே.”

லியாண்ட்ரோ போய் அணைத்தார். இரண்டாவது தடவை என்பதால் கை தடுமாறவில்லை. ஆனால் விசிறி முழுக்க நின்றபிறகும் மேசையை விட்டு நகரவில்லை.

“நாளைக்கு யாரு போட்டுக் குடுப்பா?” என்று கேட்டார்.

“எனக்கு என்ன தெரியும்? நீங்கதான் வரணும்.”

மறுநாள் காலை ஏழு மணிக்கே அவர் கதவைத் தட்டினாராம். காப்பி பிறகு ஆகட்டும் என்றாராம். பொத்தானை அழுத்திவிட்டு, சாந்தோவின் படம் திரையில் வரும்வரை உட்காரவே இல்லையாம்.