குரங்குக் குல்லாவும் முழங்கால் தண்ணீரும்: பழவேற்காட்டில் ஒரு தை மாதக் காலை

நாங்கள் இருப்பது நெதர்லாந்தில், வருஷத்தில் பாதி நாள் தூறிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன ஊரில். என் மகள் இனியாவுக்கு ஐந்து வயது. அவள் பள்ளியில் குளிர்காலத்துக்கென்று எந்தச் சலுகையும் கிடையாது. வாய்க்கால் உறைந்து கிடந்தாலும் பிள்ளைகளுக்குக் கனமான கோட்டு, பூட்ஸ், கையுறை எல்லாம் மாட்டி வெளியே விட்டுவிடுவார்கள். முதல் வருஷம் அவளுக்கு லேசாக இருமல் இருந்தபோது, இன்றைக்கு மட்டும் உள்ளே உட்காரட்டுமே என்று ஆசிரியையிடம் கெஞ்சினேன். "இருமலை வெளியே போயும் இருமலாமே" என்றார் அந்த அம்மா. அன்றைக்குக் கோபமாக வீடு திரும்பியவன், ஒரே வருஷத்தில் அந்தக் கட்சியிலேயே சேர்ந்துவிட்டேன். சேர்ந்தவன் சும்மா இருந்தாலும் பரவாயில்லை, பார்க்கிறவர்களிடமெல்லாம் பிரசாரமும் செய்கிறேன்.

இந்த லட்சணத்தில்தான் பொங்கலுக்கு நானும் இனியாவும் மட்டும் மூன்று வாரம் சென்னை வந்தோம். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. தங்கியது திருவொற்றியூரில், என் அக்கா வீட்டில். வந்த மறுநாள் இனியா ஒரு தும்மல் போட்டாள். ஒரே ஒரு தும்மல்தான். அக்கா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். பிறகு மஞ்சள் பால், ஆவி பிடித்தல், நெற்றியில் பற்று, கடைசியாகத் தலையில் ஒரு குரங்குக் குல்லா. வெளியே அதிகாலையில்கூட இருபத்தொரு டிகிரி. எங்கள் ஊரில் அப்படி ஒரு நாள் வாய்த்தால் பாதிப் பேர் ஆபீஸுக்கு மட்டம் போட்டுவிட்டுப் புல்லில் படுத்துக்கொள்வார்கள்.

அக்காவோடு சண்டை போடவும் மனசு வரவில்லை. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பி மகளை வருஷத்துக்கு ஒரு தரம்தான் பார்க்கிறாள், அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் அவளைத் தூங்க விடுவதில்லை.

ஆனால் இரண்டாவது வாரம் இனியா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சோபா மெத்தைகளை உதைத்துக்கொண்டே, "அப்பா, இந்த ஊர்ல வெளியவே கிடையாதா?" என்று கேட்டாள். நான் பதில் யோசிப்பதற்குள், "அடுத்த வருஷம் நீ மட்டும் வா. நான் வரல" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நான் பிறந்து வளர்ந்த மண் அவளுக்கு மூடிய ஜன்னலாகவே மனசில் தங்கிவிட்டால், அப்புறம் அவளை எந்த விமானத்தில் ஏற்றி என்ன பயன்? அன்று ராத்திரியே முடிவு செய்தேன், நாளைக்குப் பழவேற்காடு ஏரி. அக்கா ஒத்துக்கொண்டாள். ஒரே நிபந்தனை, தானும் வருவாள், குல்லாவும் வரும்.

திருவொற்றியூரில் காலை ஐந்தே முக்காலுக்குக் கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலைப் பிடித்தோம். பொன்னேரிக்கு முக்கால் மணி நேரம், டிக்கெட் பத்து ரூபாய். ஸ்டேஷன் வாசலில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் பேருந்தில் பழவேற்காடு. பதினெட்டு கிலோமீட்டர்தான், ஆனால் எல்லா ஊரிலும் நின்று நலம் விசாரித்துவிட்டுப் போவதால் இன்னொரு முக்கால் மணி நேரம். இனியா ஜன்னலைத் திறப்பாள். அக்கா மூடுவாள். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரை இதுவே நடந்தது.

முதலில் டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். நானூறு வருஷத்துக்கு முன் டச்சுக்காரர்கள் இங்கே வந்து கோட்டை கட்டி, துணி வாங்கி விற்று, கடைசியில் இங்கேயே அடங்கியும் போனார்கள். கோட்டை போய்விட்டது, கல்லறைகள் மிச்சம். நுழைவாயிலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நான் டச்சு எழுத்துகளைப் படித்துக் காட்டி மேதாவித்தனம் பண்ணிக்கொண்டிருந்தேன். அக்கா எலும்புக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியாடா? குளிர் தாங்குவாங்க, குளிர் தாங்குவாங்கன்னு நீ பீத்திக்கிற ஆளுங்க எல்லாம் இங்கதான் படுத்திருக்காங்க."

"அக்கா, அவங்க குளிர்ல சாகல. இங்க இருக்கிற காய்ச்சல்ல செத்தாங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். வந்த ஊருக்குத் தக்க இருக்கணும்."

இனியாவின் குல்லாவை இன்னும் ஒரு அங்குலம் கீழே இழுத்துவிட்டு அக்கா நடந்தாள்.

அங்கிருந்து படகுத்துறை நடக்கும் தூரம். நாங்கள் போக நினைத்த பசியாவரம், ஏரிக்குள் இருக்கும் மீனவக் கிராமம். சுற்றுலாப் படகு என்று யாராவது ஆசை காட்டினால் ஏறாதீர்கள். ஊர்க்காரர்கள் போய்வரும் படகில் கேட்டுக்கொண்டு போவதே நல்லது. எங்களை ஏற்றிக்கொண்டவர் ஏழுமலை. ஆளுக்கு முப்பது ரூபாய் என்றார், குழந்தைக்கு வேண்டாம் என்றுவிட்டார். தலையைச் சுற்றிக் காது மறைய மஃப்ளர் கட்டியிருந்தார். இடுப்புக்குக் கீழே லுங்கியைத் தொடைவரை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் படகைத் தள்ளினார்.

"இன்னா சார், கொயந்தய மூட்ட மாரி கட்டினு வந்துகிற? காத கட்னா போதாதா?" என்றார்.

நானும் அக்காவும், அவர் நம்ம கட்சி என்று தனித்தனியாகச் சந்தோஷப்பட்டோம்.

பசியாவரத்தில் இறங்கியதும்தான் விஷயம் புரிந்தது. ஏரி முழுக்கப் பனிமூட்டம். கரையோரம் ஏழெட்டுப் பிள்ளைகள், எல்லாருக்கும் துண்டால் காதை இறுக்கிக் கட்டி, மேலே ஸ்வெட்டரும் போட்டிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே எல்லாரும் ஏரிக்குள். காலால் சேற்றைத் தடவி மட்டிச் சிப்பி தேடுகிறார்கள். யார் சட்டியில் முதலில் மட்டி நிறைகிறதோ அவர்கள் ஜெயித்தார்கள், அதுதான் விளையாட்டு. கரையில் வலை உதறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், குழந்தைகளுக்குக் குளிராதா என்று அக்கா கேட்டாள். "தண்ணி கால்ல தானக்கா கீது. பனி காது வயியாதான் ஏறும்" என்று பதில் வந்தது. மேல் பாதி அக்கா கட்சி, கீழ்ப் பாதி என் கட்சி. இப்படி ஒரு சமரசம் எங்களுக்கு ஏன் தோன்றாமல் போயிற்று என்று தெரியவில்லை.

அதற்குள் இனியா செருப்பையும் சாக்ஸையும் வீசிவிட்டு ஓடினாள். பத்து வயசு இருக்கும் ஒரு பெண், பெயர் கங்கா, கையை நீட்டித் தடுத்தாள்.

"இன்னிக்கி எங்க பாடு. ஒனக்குப் பாடு இல்ல."

ஏரியில் நல்ல மீன் கிடைக்கும் இடங்களில் இன்றைக்கு யார் வலை போடுவது, நாளைக்கு யார் என்று இங்கே முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. வெளியாள் வந்து வலை வீச முடியாது. பிள்ளைகளும் அதே சட்டத்தை மட்டிக்குப் போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அந்தக் கரை கங்கா இருக்கும் தெருவுக்கு, மறுநாள் அடுத்த தெருவுக்கு. நெதர்லாந்துக்கு எந்தக் கிழமையும் இல்லை.

இனியாவின் உதடு துடித்தது. "அப்பா, இங்கயும் கிடையாதா?"

நான் பையிலிருந்து டச்சு சாக்லேட்டை எடுத்து நீட்டினேன். கங்கா வாங்கி எல்லாருக்கும் பங்கு போட்டாள், தானும் ஒன்றைத் தின்றாள். விரலைச் சப்பிவிட்டு, "பாடு இல்லண்ணா" என்றாள்.

அப்போதுதான் அக்கா புகுந்தாள். "ஏம்மா, கொழந்த எவ்வளவு தூரத்துலருந்து வந்திருக்கு தெரியுமா? அது ஐஸ்ல வெளையாடுற புள்ள! மழையோ பனியோ ஒண்ணும் பண்ணாது அத! இந்தத் தண்ணி அதுக்கு எம்மாத்திரம்?"

என் பிரசாரம் வார்த்தை மாறாமல் அக்கா வாயிலிருந்து வருகிறது. பக்கத்தில் நானே வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன்.

கங்கா தன் கூட்டத்தோடு குசுகுசுத்துவிட்டு வந்தாள். "எங்க தெரு ஆளா வர்ட்டும். ஆனா சின்னப் புள்ளன்னா வூட்டாளு ஒர்த்தர் ஆயத்துப் பக்கமா தண்ணில நிக்கணும்."

ஆழத்துப் பக்கம் நிற்க நான் ஜீன்ஸை மடிக்கத் தொடங்கினேன். "அப்பா வேணாம்" என்றாள் இனியா. "அப்பா ஃபோன் பாப்பாரு. அத்தை வரட்டும்."

அக்கா என்னைப் பார்த்தாள், ஏரியைப் பார்த்தாள். சால்வையால் தன் காதையும் கட்டிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, "ஐயோ ஐயோ" என்றபடி இறங்கிப் போய் நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் இனியாவின் சட்டியில் நாலு மட்டி சேர்ந்தது. ஐந்தாவதைக் கண்ட உற்சாகத்தில் குப்புற விழுந்தாள். தலையோடு முங்கி எழுந்தாள், குல்லாவிலிருந்து சேறு வழிந்தது. அழவில்லை. அத்தையின் முகத்தையே பார்த்தாள். விளையாட்டு முடிந்தது, தூக்கிக்கொண்டு போகப்போகிறாள் என்று நானும் நினைத்தேன். அக்கா குல்லாவைக் கழற்றினாள், பிழிந்தாள், இடுப்பில் செருகினாள். முந்தானையால் குழந்தையின் தலையைத் துவட்டி, அந்த முந்தானையாலேயே காதை அழுத்தித் துடைத்தாள்.

"போ" என்றாள். "அந்தச் சிவப்பு ஸ்வெட்டர்க்காரன் ஜெயிச்சிடப் போறான்."

நான் ஃபோனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

மதியம் பழவேற்காட்டில் மீன்குழம்புச் சாப்பாடு, நூற்றிருபது ரூபாய். இனியா இரண்டு தரம் சோறு கேட்டாள், ரயிலில் அக்கா மடியில் தூங்கினாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கரையிலேயே நின்ற எனக்குத்தான் மூன்று நாள் ஜலதோஷம், காய்ந்த குல்லா என் தலைக்கு வந்தது.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு: காணும் பொங்கல் அன்று போகாதீர்கள், கூட்டம் நசுக்கிவிடும். மாற்று உடை இரண்டு செட் வேண்டும், நனைந்தால் உடனே மாற்றிவிடுங்கள். காய்ச்சல் இருக்கிற குழந்தையைக் கூட்டிப்போக வேண்டாம். முகத்துவாரம் பக்கம் தண்ணீரில் விடவே விடாதீர்கள், இழுப்பு அதிகம். ஆழத்துப் பக்கம் பெரியவர் ஒருவர் நின்றே ஆக வேண்டும், கையில் ஃபோன் இல்லாமல்.

போன ஞாயிறு இங்கே நெதர்லாந்தில் ஐஸ் மழை. நான் சோம்பேறித்தனத்தில் கதவைத் திறக்கவில்லை. வீடியோவில் வந்த அக்கா, "புள்ள ஏன் உள்ள இருக்கா? காதக் கட்டி வெளிய அனுப்புடா" என்று அதட்டினாள். பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த இனியா என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கினாள்.

"அத்தை, அடுத்த பொங்கலுக்கு நான் வர்றப்ப எனக்கும் ஒரு பாடு வேணும்னு கங்காகிட்ட சொல்லி வை."

திரையில் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நானே நேர்ல போய்ச் சொல்லிட்டு வர்றேன்" என்றாள்.