ஐந்து சொற்களும் ஒரு ஷெட் சாவியும்

ஞாபகத்தைச் சோதிக்கிறவனிடம் யாரும் தாமாக வருவதில்லை. வீட்டார்தான் கூட்டி வருவார்கள். சமையலறைக்குள் போய், எதற்கு வந்தோம் என்று திகைத்து நின்றவர்களே, திருப்பதியில் என் மேஜைக்கு எதிரே இருப்பது உங்கள் நாற்காலிதான்.

பந்தயம்

நகரியிலிருந்து ராஜம்மா வந்தார். வயது அறுபத்தேழு. விசைத்தறி ஷெட்டின் முதலாளி. சாவி அவர் இடுப்பில். கூட வந்த மகன் குமார், "ரெண்டு ஆர்டர மறந்துட்டாங்க சார். இனிமே ஷெட்ட நானே பாத்துக்கறேன்" என்றார். அந்த அம்மா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"டெஸ்ட் வைங்க சார். தோத்துட்டா சாவி இவன்கிட்ட. ஜெயிச்சா வாய மூடிக்கினு தறிக்குப் போவட்டும்."

தாள்

எங்கள் கேள்வித்தாள் தெலுங்கு. ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் வேறு பேச்சுக் கொடுத்து, திரும்பக் கேட்போம். சரளமாகத் தெலுங்கு பேசிய ராஜம்மாவுக்கு இரண்டுதான் வந்தது. குமார் சாவிக்குக் கையை நீட்டிவிட்டார்.

எனக்கு உறுத்தியது. நானும் நகரிக்குப் பக்கத்துப் புத்தூர்க்காரன், வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. "நூல் கலரெல்லாம் எந்த பாஷையில ஞாபகம் வெப்பீங்கம்மா?" என்றேன். "பேசறதுதான் தெலுங்கு சார். உள்ள வெச்சிக்கினு இருக்கறது தமிழ்ல."

இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னேன்; அதுவரை சாவி அம்மாவிடமே. அதற்குள் நானும் நர்ஸ் ஜோதியும் எங்கள் பக்கத்துத் தமிழில் ஒரு தாள் தயாரித்து, ஊர்க்காரர்கள் பலரிடம் சரிபார்த்தோம். இம்முறை வேறு ஐந்து சொற்கள். நான்கு தானாக வந்தன. "அது ஒரு பழம்" என்று துப்புக் கொடுத்ததும் ஐந்தாவதும் வந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஜோதி என்னை அதிக நேரம் நிமிர விடவில்லை.

"அன்னைக்கு ஃபெயிலானது நம்ம பேப்பர் சார்."

ஏற்பிகள்

"அப்ப ஆர்டர் ஏன் மறந்துச்சு?" குமார் விடவில்லை. சொன்னேன்: மூளையில் ஒரு செல் அனுப்பும் சேதியை அடுத்த செல்லின் மேலிருக்கும் ஏற்பிகள் வாங்கிக்கொள்ளும். வயதாக ஆக, ஞாபகத்துக்கு உதவும் சில வகை ஏற்பிகள் குறையும், சில மந்தமாகும். புது விஷயம் பதிய நேரமெடுக்கும். அம்மாவிடம் தெரிவது அந்த நிதானம்தான். நோய் எதுவும் தெரியவில்லை.

ராஜம்மா எழுந்தார். "அப்ப இவன நின்னு சொல்லச் சொல்லுங்க சார். போன்ல பேசிக்கினு, நடந்துக்கினே ஆர்டர் சொல்றான்."

இருவரும் போனார்கள். இரண்டே நிமிஷத்தில் குமார் திரும்பி ஓடிவந்தார். போனை என் மேஜையிலேயே விட்டிருந்தார். வாசலிலிருந்து அம்மாவின் குரல்:

"அடுத்த டோக்கன் அவனுக்குப் போடுங்க சார்!"

பதினைந்து வருஷம் வெளிநாட்டில் மூளையைப் படித்துத் திரும்பிய நான் சொந்த மண்ணில் மார்தட்டிக்கொள்ளும் சாதனை, ஒரு சாவியை இருந்த இடுப்பிலேயே இருக்க விட்டது.