மழைச்சட்டி

எங்கள் வீட்டில் பெண்கள் ஏரி மண்ணைச் சுமக்கலாம், உலர்த்தலாம், நொறுக்கலாம், சலிக்கலாம், மணல் சேர்த்துக் காலால் மிதித்துப் பதமாக்கலாம். இடுப்பு ஒடிகிற வேலை எதற்கும் தடையே கிடையாது. சக்கரத்தைத் தொடுவதும் சூளைக்குத் தீ வைப்பதும் மட்டும் ஆண்களுடைய காரியம். ஏன் அப்படி என்று பெரியப்பாவைக் கேட்டதற்கு, "அது அப்டித்தான்" என்றார். பெரும்பாலான கேள்விகளுக்கு அவரிடம் இருந்தது அந்த ஒரே பதில்தான். குடும்பத்தில் மூத்தவர். குரல் பெரிது, மீசை அதைவிடப் பெரிது. என் அப்பா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டதால், மண் வேலையைப் பெரியப்பாவும் சித்தப்பாவும் பார்த்துக்கொண்டார்கள்.

இது 1991 பொங்கலுக்கு முன்னால் நடந்தது. எனக்கு ஒன்பது வயது. வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஒரகடத்தில் அப்போது கார் கம்பெனியும் கிடையாது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போக கம்பெனி பஸ்ஸும் கிடையாது. பொங்கல் பானைகளை வைக்கோல் மெத்தை போட்டு மாட்டு வண்டியில் அடுக்கி, ஸ்ரீபெரும்புதூர் சந்தைக்குக் கொண்டுபோவார்கள்.

அதற்கு முந்தின வருஷம்தான் சித்தி கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வேலூர்ப் பக்கம். அவளுடைய வீட்டிலும் மண் வேலைதான். அவள் அப்பாவுக்கு முதுகு விழுந்துபோனதால், பத்து வயதிலிருந்து சட்டிகளைச் செய்து சுட்டதெல்லாம் அவள்தானாம். எங்கள் வீட்டுக்கு வந்ததும் அவளுக்குக் கிடைத்த வேலை மண் மிதிப்பது. ஒரு வருஷம் வாயைத் திறக்காமல் மிதித்தாள். பிறந்த வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும் சின்னதாக ஒரு கறுப்புச் சட்டியும். அந்தச் சட்டியில் அம்மா உப்புப் போட்டு வைத்திருந்தாள். அடுப்புக் கரி ஏறி ஏறித்தான் அது கறுத்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மார்கழியில் ஒருநாள், சாப்பாடு போடும்போது சித்தி பெரியப்பாவிடம் கேட்டே விட்டாள். "மாமா, கொஞ்சம் கொழம்புச் சட்டி செய்யலாம்னு கீறேன். சூளையில ஒரு ஓரமா எடம் குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்."

சித்தப்பாவுக்குச் சோறு தொண்டையில் சிக்கிக்கொண்டது. பெரியப்பா நிதானமாக மோரை ஊற்றிக்கொண்டார்.

"சூளையில எடம் இல்லம்மா. பொங்கப் பானையே நெரிசலா கீது. வேணும்னா பின்னால குழி வெட்டிக்கினு சுட்டுக்கோ. பழுதில்லாம வந்துச்சின்னா வண்டியில ஒரு கூடைக்கு எடம் தரேன். கெட்டுப்போச்சின்னா மண்ணு மிதிக்கிறதோட இருந்துக்கணும். அப்பால கேக்கக் கூடாது."

கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருந்தது. ஆனால் குழியில் சுட்டால் என்ன ஆகும் என்பது அந்த வீட்டில் பூனைக்குக்கூடத் தெரியும். சூளையில் நெருப்பு கீழே இருக்கும், பானை மேலே இருக்கும். குழியில் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். வறட்டி சாய்ந்த இடத்தில் கறுப்புத் திட்டு விழும், புகை தேங்கின இடத்தில் கறை படியும். திட்டுத்திட்டாக வந்த சட்டியை யார் வாங்குவார்கள்? சித்தி தோற்றாயிற்று என்று எனக்கு அப்போதே அழுகை வந்தது. அவளோ, "சரிங்க மாமா" என்று ரசத்தை எடுத்து வந்தாள்.

சக்கரம் இல்லாமல் அவள் சட்டி செய்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மண்ணைக் கயிறு போலத் திரித்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றி ஏற்றுவாள். உள்ளே ஒரு உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி மெல்லியதாக்குவாள். பாதி காய்ந்ததும் கூழாங்கல்லால் தேய்ப்பாள். தேய்க்கத் தேய்க்க மண்ணிலேயே ஒரு பளபளப்பு வரும். அவள் கை ஓடுகிற வேகத்தைப் பார்த்தபோது, இத்தனை நாள் இந்தக் கையைச் சும்மா வைத்திருந்தார்களே என்று கோபம் கோபமாக வந்தது. அதை அம்மாவிடம், பக்கத்து வீட்டில், பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். என் வாயில் எதுவும் தங்காது என்பது ஊரறிந்த சங்கதி. அதனால்தான் சித்தி என்னிடம் எவ்வளவு பிரியமாக இருந்தாலும், என்ன செய்யப்போகிறாள் என்பதை மட்டும் சொன்னதே இல்லை.

சட்டிகள் மாட்டுக்கொட்டகை நிழலில் நன்றாக உலர்ந்தன. நாலைந்து நாள் நல்ல வெயில் அடித்தது. சித்தி தினமும் காலையில் வானத்தைப் பார்ப்பாள், சட்டிகளைத் தொட்டுப் பார்ப்பாள், பேசாமல் உள்ளே போய்விடுவாள். அவள் சுடுவதற்குத் தேர்ந்தெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கென்று பார்த்து ஏரிப் பக்கமாக மேகம் கட்டியிருந்தது.

"இன்னிக்கு வேணாம்மா, மேகம் போட்டுக்கினு கீது" என்றார் பெரியப்பா.

"பரவால்ல மாமா, இன்னிக்கே போட்டுர்றேன்."

அவள் பெரியப்பாவின் பேச்சைத் தட்டியதை நான் அன்றுதான் பார்த்தேன். பெரியப்பா தோளைக் குலுக்கிக்கொண்டு சூளை வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

குழி என் இடுப்பளவு ஆழம் இருந்தது. அடியில் உமி, அதன்மேல் வறட்டி, தேங்காய் ஓடு, பன்னாடை என்று பரப்பி, சட்டிகளைக் கவிழ்த்து அடுக்கினாள். சட்டிகளுக்கு நடுவிலும் உமியைத் திணித்தாள். எனக்கும் வேலை கொடுத்தாள்.

"கண்ணு, அந்த வைக்கோல மாட்டுத்தொட்டியில முக்கி வெச்சிடு."

"இன்னாத்துக்கு சித்தி?"

"முக்குடி, சொல்றேன்."

சொல்லவில்லை. பாவாடை நனைய நனையக் கட்டு கட்டாக முக்கிக் குழிக்குப் பக்கத்தில் குவித்தேன். ஈர வைக்கோலைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்ட எங்கள் பசு, அன்று முழுவதும் என்னைக் கோபமாகவே பார்த்தது.

உச்சிவேளைக்கு மேல் தீ வைத்தாள். சூளைக்கு இல்லை, குழிக்குத்தான் என்பதால் பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. முதலில் புகை மட்டும் வந்தது. சட்டியில் மிச்சம் இருக்கிற ஈரம் மெதுவாகப் போகட்டும் என்று வெகுநேரம் அப்படியே விட்டாள். பிறகுதான் பனையோலையைப் போட்டு எரியவிட்டாள். ஓலை எரிந்து தணிந்தபோது, சாம்பலுக்குள் சட்டிகள் தணலோடு தணலாகச் சிவந்து கிடந்தன. ஒரு திட்டு இல்லை, ஒரு கறை இல்லை. சித்தி ஜெயித்துவிட்டாள் என்று கத்த வாயைத் திறந்தேன்.

மூக்கின்மேல் ஒரு சொட்டு விழுந்தது.

"மழ! மழ!" என்று சித்தி போட்ட சத்தத்தில் அம்மாவும் சித்தப்பாவும் ஓடிவந்தார்கள். அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பதே அன்றுதான் தெரிந்தது. மூலையில் இருந்த உமி மூட்டையை இழுத்து அப்படியே குழிக்குள் கவிழ்த்தாள். புகை குபுகுபுவென்று எழுந்தது.

"ஏய், மூடாத! சட்டி கறுத்துப் போயிடும்!" என்று சித்தப்பா கையைப் பிடித்தார்.

"கறுத்தா கறுத்துட்டுப் போவுது. தண்ணி பட்டு வெடிச்சிட்டா இன்னா பண்றது? வைக்கோல எடுங்க!"

ஈர வைக்கோலை அள்ளி அள்ளிப் போட்டோம். அதன்மேல் குழைத்து வைத்திருந்த சேற்றை அப்பினாள். எங்கே புகை கசிந்ததோ அங்கே இன்னொரு பிடி சேறு. கடைசி ஓட்டையை அடைத்துவிட்டு நிமிர்ந்தபோது மழை நின்றிருந்தது. கொடியில் கிடந்த துணிகூட நனையவில்லை.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்குச் சட்டி கறுப்பாக வரும், பெரியப்பா சிரிப்பார், சித்தி ஆயுசுக்கும் மண் மிதிப்பாள். எங்கள் தெருப் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன். அவர் ஒருவரே போதாது என்று தோன்றியதால், மாதாகோயில் தெருவுக்கும் ஓடிப்போய் மாதாவிடமும் சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வந்து பார்த்தால், சித்தி காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு வறுத்த வேர்க்கடலையைத் தோலூதித் தின்றுகொண்டிருக்கிறாள். துக்கம் தாங்காமல் இப்படி ஆகிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் அழுதேன். அவள் என் வாயிலும் இரண்டு கடலையைப் போட்டாள்.

மறுநாள் காலையில் குழியைத் திறந்தாள். சேற்றை உடைத்து, கருகிய வைக்கோலை விலக்கி, சாம்பலுக்குள்ளிருந்து முதல் சட்டியைத் தூக்கினாள். கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. எல்லாமே கறுப்பு. நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். அந்தச் சத்தம் கேட்டுத்தான் பெரியப்பா வந்தார்.

அவர் ஒரு சட்டியை எடுத்து விரல் முட்டியால் தட்டினார். கணீரென்றது. வேட்டி முனையால் சாம்பலைத் துடைத்தார். உள்ளே பார்த்தார். பிறகு குனிந்து, குழிக்குள் கையை விட்டு அடியில் கிடந்த சட்டியை எடுத்தார். மேலே கிடந்தது எப்படியோ அப்படியே அதுவும், உள்ளும் புறமும் ஒரே கறுப்பு, ஒரே பளபளப்பு. வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா தரையைப் பார்த்தார். சித்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

குழி ஓரத்தில் மிச்சம் கிடந்த வைக்கோலைப் பெரியப்பா காலால் புரட்டினார். அடிவரைக்கும் ஈரமாக இருந்தது.

"அந்தத் தூறலுக்கா வைக்கோல் இவ்ளோ நனைஞ்சிகீது?" என்றார் பொதுவாக.

தெரிந்த கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியுமா? அழுகையை நிறுத்திவிட்டு முன்னால் வந்தேன். "நான்தான் பெரியப்பா நனைச்சேன்! காலையிலயே! சித்திதான் சொன்னாங்க!"

சித்தியின் முகம் வெளுத்தது. அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. பெரியப்பா என்னைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். மீசைக்குக் கீழே என்னவோ அசைந்தது.

"அதான் மழை வந்துகீது" என்றார். பிறகு சித்தப்பாவைப் பார்த்து வழக்கமான பெரிய குரலில், "மழை பண்ணதுக்கு அந்தப் பொண்ணு இன்னாடா பண்ணும்? ஏத்து வண்டியில, ஒரு கூடை!" என்று சொல்லிவிட்டுப் பல் விளக்கப் போனார்.

பிள்ளையாரா, மாதாவா, யார் செய்த வேலை இது என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. இரண்டு பேருக்கும் நன்றி சொன்னேன்.

சந்தையில் பெரியப்பா அந்தக் கூடையை மறைத்து வைக்கவில்லை. முன்னால் வைத்துக்கொண்டு கதை சொன்னார். முதலில் சொன்னபோது தூறல்தான். மத்தியானத்துக்குள் இடி இறங்கிவிட்டது. சாயங்காலம் அந்தச் சட்டிகள் புயலுக்குத் தப்பித்தவையாக இருந்தன. செம்பரம்பாக்கத்து ஏரி மீன் விற்கிற ஒரு அம்மாள் முதல் சட்டியை வாங்கிப் போனாள். பொங்கல் முடிந்து அவளே வீட்டைத் தேடி வந்துவிட்டாள். மீன் குழம்பு வைத்தால் மறுநாளும் கெடுவதில்லையாம், புதுச் சட்டியைக் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்க வேண்டிய பாடும் இல்லையாம். அக்கா தங்கைகளுக்கெல்லாம் வேண்டுமாம். "அந்த மழச்சட்டி கீதா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் அதுவே பெயராகிவிட்டது.

பெரியப்பா அடுப்படி வாசல்வரை வந்து நின்றார். "இன்னாம்மா, மழை மறுபடி எப்ப வரும்?"

"நீங்க எப்ப சொல்றீங்களோ அப்ப வரும் மாமா" என்றாள் சித்தி, தலை நிமிராமல்.

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். அம்மாவும் சிரித்தாள். மழையை வரச் சொன்னால் வருமா, இதிலென்ன சிரிப்பு என்று நான் மட்டும் விழித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த பொங்கலுக்கு வண்டியில் பாதி கறுப்பு, பாதி சிவப்பு. சூளையை மூடித் தீ வைக்கிற நேரத்தில் பெரியப்பா தீப்பெட்டியைச் சித்தியிடம் நீட்டினார். பெண்கள் வைக்கக் கூடாதே என்று நான் கேட்டேன். "அது அப்டித்தான்" என்றார்.

இப்போது நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஷிப்டு முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, ரோட்டோரம் சித்தியின் கடையில் கறுப்புச் சட்டிகள் அடுக்கியிருப்பதைப் பார்ப்பேன். கம்பெனி ஆட்கள் காரை நிறுத்தி வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஒருநாள் அவள் வீட்டில் அந்தப் பழைய உப்புச் சட்டியைக் கழுவி வைக்கக் கையில் எடுத்தேன். அடுப்புக் கரி என்றால் தேய்த்தால் போகவேண்டுமே, போகவில்லை. உள்ளும் புறமும் ஒரே கறுப்பு, ஒரே பளபளப்பு. அதுவும் மழைச்சட்டிதான், மழையே இல்லாமல் சுட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரியப்பா ஒரு வருஷமாகத் தினமும் அதிலிருந்துதான் உப்பு எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஆயுசு முழுக்க நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷர் அவர்.

ஒன்பது வயதில் எனக்குப் புரிந்தது வேறு. அந்தக் கோடையில் கிணறு வற்றியபோது, யாரிடமும் சொல்லாமல், குடிக்க வைத்திருந்த தண்ணீரில் ஒரு கட்டு வைக்கோலை முக்கி வைத்துவிட்டு, அண்ணாந்து பார்த்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். சித்தி என்னைக் கட்டிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தது எனக்கும் மழைக்கும் மட்டும்தான்.