புட் டவுன்
வேலூரிலிருந்து வேலைக்கு வந்த புதிதில், மர்பி டவுன் என்ற பகுதியில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்கார அக்கா பாதி ஆங்கிலத்தில்தான் பேசுவார். 'புட் ஆன்' என்றால் உடுத்துவது, 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுவது என்று அவர் பேச்சைக் கேட்டே பழகியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய கிழட்டு நாயைக் காணோம். கேட்டதற்கு, "நேத்து வீ புட் ஹிம் டவுன்" என்றார். காரில் கொண்டுபோய் எங்கோ இறக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"எங்கக்கா இறக்கி விட்டீங்க, உங்க தம்பி வீட்டுலயா?" என்று சிரித்தேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. "டாக்டர் ஊசி போட்டு அவன் உயிரை முடிச்சிட்டாருப்பா. வலியில ரொம்பத் துடிச்சான்."

'புட் டவுன்' என்றால் இதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. முந்தாநாள்கூட என் செருப்பை மோந்து பார்த்த நாய். அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டேன்.