கோப்பி நிறச் சிறுநீர்

அறுபதுகளின் நடுவில் மாத்தளையில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் நான் வேலை பார்த்தேன். இரத்தம், சளி, சிறுநீர் எல்லாம் என் நுணுக்குக்காட்டிக்கு அடியில்தான் வரும். என் கணவர் பக்கத்து ஊரான அலுவிகாரையில் ஒரு முதலாளியின் மிளகு ஸ்டோரில் வேலை செய்தார். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

ஐப்பசி மழையில் ஊறியிருந்த ஸ்டோர்ச் சுவர் ஒரு காலையில் அவர்மேல் சரிந்தது. இடுப்புக்குக் கீழே முழுக்கக் கல்லும் மண்ணும். வெளியே இழுத்தெடுக்க மத்தியானமாகிவிட்டது. அதுவரை பேசிக்கொண்டேதான் இருந்தாராம். லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

நான் வார்ட்டுக்கு ஓடினேன். அவர் சிரித்தார்.

"ஏன் புள்ள அழுற? எலும்பு ஒண்ணும் முறியலன்னு சொல்லிட்டாங்க. கால் மரத்துப்போயிருக்கு, அவ்வளவுதான்."

தொடையைத் தொட்டேன். பலகைபோல் இறுகியிருந்தது. ஆனால் தோலில் பெரிய காயம் எதுவும் இல்லை.

சாயங்காலம் அவருடைய சிறுநீர்ப் போத்தல் என் மேசைக்கு வந்தது. பால் விடாத கோப்பியின் நிறம். உள்ளே எங்கோ இரத்தம் கசிகிறதென்று நினைத்தேன். ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். ஒரு சிவப்பணுகூட இல்லை. இன்னொரு சொட்டு வைத்தேன். அதிலும் இல்லை. மாதாவே என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு டொக்டரிடம் ஓடினேன்.

"நிறம் கோப்பி மாதிரி இருக்கு, ஆனா இரத்தம் இல்லீங்க டொக்டர்! ஒரு அணுகூட இல்லீங்க!"

அவர் பேனையை மூடி வைத்தார்.

"உக்காருங்க மிஸ். இது தசையோட சாயம். கல்லுக்கடியில அமுங்கிக் கிடந்த தசை செத்துப்போச்சு. கல்லை எடுத்ததும் அந்த நஞ்செல்லாம் இரத்தத்துல கலந்துடுச்சு. இனி கிட்னி அடைச்சுக்கலாம்."

"கால்லதானேங்க அடி?"

"அடி கால்லதான், ஆனா இரத்தம் உடம்பு முழுக்கப் போகுதே. படிக்கிறப்போ தசைச் செல்லைக் கண்ணாடித் தட்டுல வெச்சு நசுக்கிப் பார்த்திருக்கோம். செல்லு சாகும். அதோட சரி. தட்டுக்கு ஏது கிட்னி, ஏது இதயம்? முழு ஆளுக்கு என்ன ஆகும்னு அது சொல்லாது."

"அப்போ இவருக்கு என்ன ஆகும்?"

"பார்ப்போம்" என்றார்.

கிட்னி அடைத்துக்கொள்ளாமலிருக்கச் சோடா மருந்தை ஊசி வழியாக ஏற்றினார்கள். மறுநாள் சிறுநீர் அடியோடு நின்றது. முகம் வீங்கியது. வெளியே போகாத தண்ணீர் நுரையீரலில் நிறைந்துவிடுமென்று குடிப்பதையும் நிறுத்தச் சொன்னார் டொக்டர்.

"ஒரு மிடறு குடு புள்ள. ஒண்ணே ஒண்ணு."

ஈரப் பஞ்சை உதட்டில் வைத்தேன். அவர் பஞ்சையே உறிஞ்சினார். செத்த தசையிலிருந்து வரும் உப்பு எந்த நேரமும் இதயத்தை நிறுத்தலாம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவருக்குச் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது ஒரு துடிப்புத் தவறினால் என் மூச்சும் நின்றது.

ஆய்வுகூடத்துக்குப் போனால் அவருடைய இரத்தம். அணுக்கள் வட்டமாக, சிவப்பாக, ஒரு குறையும் இல்லாமல் கிடந்தன. அந்த அழகைப் பார்க்கவே பயமாக இருந்தது. மனிதர் வார்ட்டில் செத்துக்கொண்டிருக்கிறார், இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது. நுணுக்குக்காட்டியை மூடிவிட்டு வெளியே வந்து நின்றேன்.

நம்பிக்கையெல்லாம் விட்டுப்போன ஒரு காலையில் வார்ட்டு நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி ஓடி வந்தாள்.

"மிஸ், சீக்கிரம் வாங்க! அவரு ஒண்ணுக்குப் போயிட்டாரு!"

போத்தலின் அடியில் கொஞ்சம், கலங்கலாக. அதைக் கையில் பிடித்துக்கொண்டு வார்ட்டு நடுவில் நின்று அழுதேன். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் வந்தது. பிறகு தெளிந்து வந்தது.

பிழைத்தார். வலது பாதத்தைத் தூக்க வரவில்லை. இழுத்துத்தான் நடந்தார். வீட்டுக்குப் போன பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். மூச்சு வருகிறதா என்று அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.